கிராணி மேஜையில் என் வாய்மொழித் தேர்வு

முனைவர் பட்டத்துக்கான என் வாய்மொழித் தேர்வு கோலாலம்பூரில் நடந்திருக்க வேண்டும். அதற்கு முன் அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமென்று, அவள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். இரண்டு நாள் மழையில் மண் சரிந்து மலைப்பாதை மூடிக்கொண்டது. இணையத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றது பல்கலைக்கழகம். எங்கள் வீட்டில் சிக்னல் வாசற்படியின் ஒரு மூலையில் மட்டும்தான் வரும். ஆகவே தோட்டத்து ஆபீஸுக்குப் போய், அங்கே கணக்கு எழுதும் கிராணியிடம் தேர்வுக்கு இடம் கேட்டேன்.

“தாராளமா எழுதும்மா. ஆனா ஆபீஸை விட்டுட்டு நான் வெளிய போக முடியாது லா.”

“எழுதுற பரீட்சை இல்ல அங்கிள். கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லணும். ரூம்ல வேற ஆள் இருக்கக் கூடாதாம்.”

“நான் ஆளா? பைல் அலமாரிக்குப் பின்னால உக்காந்துக்கிறேன்.”

திரையில் இரண்டு தேர்வாளர்கள் தோன்றினார்கள். என் ஆராய்ச்சி குட்டி நட்சத்திரங்களைப் பற்றியது. சூரியனின் எடையில் ஒரு சிறு பங்குதான் அவற்றுக்கு உண்டு. பிறந்த புதிதில் அவற்றைச் சுற்றி வாயுவும் தூசியும் ஒரு தட்டாகச் சுழலும். கோள்கள் அதிலிருந்துதான் உருவாகின்றன. நட்சத்திரம் சிறியதென்றால் தட்டும் இளைத்தது. ஆனாலும் அப்படிச் சில நட்சத்திரங்களுக்கு வியாழனைப் போன்ற ராட்சதக் கோள்கள் இருக்கின்றன.

“அவ்வளவு இளைத்த தட்டில் அத்தனை சரக்கு ஏது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் மூத்த தேர்வாளர்.

தட்டு இன்னும் கொழுத்திருக்கும்போதே வேலை தொடங்கிவிட வேண்டும், வாயு கலைந்து போவதற்குள் பாறைக் கரு கனத்துவிட வேண்டும் என்றேன்.

“கணினியில் செய்து பார்த்தீர்களா? கோள் வந்ததா?”

“பெரும்பாலும் பெயில்தான், சார்.”

அலமாரிக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. கிராணி பாய்ந்து வந்து என் தோளுக்கு மேல் திரையை எட்டிப் பார்த்தார். “சார், இந்தப் பிள்ளை வாழ்க்கையில பெயில் ஆனதே இல்ல!” என்றார், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். “யார் இவர்?”

“நான் ரூம்ல இல்ல, சார்,” என்றார் கிராணி. சொன்னதை உண்மையாக்க நினைத்தாரோ என்னவோ, விறுவிறுவென்று வெளியேறி, பழக்கதோஷத்தில் கதவையும் பூட்டிவிட்டுப் போனார்.

தேர்வாளர்கள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு என்னைத் திரையிலிருந்து அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசினார்கள். திரும்ப அழைத்தபோது, தேறிவிட்டேன் என்றார்கள். கோள் வராமல் போன முயற்சிகளையும் மறைக்காமல் ஓர் அத்தியாயமாக எழுதித் தர வேண்டுமாம்.

கதவைத் தட்டினேன், கத்தினேன். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த அம்மாவின் முகம் ஜன்னல் கம்பிக்கு வெளியே தெரிந்தது.

“என்னாடி, பாஸா?”

“பாஸும்மா.”

“அப்புறம் ஏன் உன்னைய பூட்டி வச்சிருக்காங்க?”

கிராணியைத் தேடிப் பிடித்துக் கூட்டி வர அரை மணி நேரம் ஆனது. வீட்டுக்கு நடந்தபோது, என்ன கேட்டார்கள் என்று அம்மா விசாரித்தாள். சொன்னேன்.

“சரி, அந்தப் பெரிய கோளு எப்படித்தான் உண்டாச்சு?”

“இன்னும் முழுசா தெரியலம்மா.”

“தெரியலன்னு சொன்னதுக்கா பாஸ் போட்டாங்க?”

ஆமாம் என்றேன். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, “வெளிய யார்கிட்டயும் சொல்லாத,” என்றாள்.