பதினோரு டிக்கெட், ஒரே விலாசம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அக்கா சொல்வாள். இருந்துவிட்டுப் போகட்டும். போன வருஷம் கொழும்புக் கச்சேரிக்கு நடந்த அநியாயத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது? இணையத்தில் டிக்கெட் விற்பனை தொடங்கிய நாலாவது நிமிஷம் எல்லாம் தீர்ந்துவிட்டது. அன்று மத்தியானமே அதே டிக்கெட்டுகள் பேஸ்புக்கில் மூன்று மடங்கு விலைக்கு வந்து நின்றன. என் அக்கா லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அந்தக் கச்சேரியில் பாட வந்த பாடகரை ஒரே ஒரு தடவையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்று வருஷக்கணக்காக ஆசைப்பட்டவள். அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

நான் பதுளையில் போன் கடையில் வேலை செய்கிறேன். அதனால் விளக்கம் சொல்வது என் தலையில் விழுந்தது. நாம் பெயரை அடித்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கில் டிக்கெட்டை அள்ளிவிடுகிற கம்ப்யூட்டர் புரோகிராம்கள் இருக்கின்றன, பொட் என்பார்கள், அள்ளியதைப் பிளாக்கில் விற்பார்கள் என்று சொன்னேன். அக்காவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"அந்த மெஷினுக்குக் காது இருக்கா?" என்று கேட்டாள்.

இந்த வருஷம் அதே பாடகர் மறுபடி வருகிறார் என்றதும் லயமே கிளம்பிவிட்டது. தோட்டத்து வீட்டு வரிசையைத்தான் லயம் என்போம். எங்கள் லயத்தில் பதினோரு காம்பரா, அறைக்கு ஒன்றாகப் பதினோரு குடும்பம். ஒரு காம்பராவில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் மற்றப் பத்தும் வந்து நிற்கும். அக்கா ஒருத்தியை மட்டும் கொழும்புக்கு அனுப்புவார்களா? குடும்பத்துக்கு ஒருவர் டிக்கெட் எடுப்பது, வேன் பிடித்துச் சேர்ந்தே போவது என்று முடிவானது.

விற்பனை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே தண்ணீர் டாங்கி மேட்டில் கூடிவிட்டோம். சிக்னல் அங்கேதான் நிற்கும். பதினோரு பேர், பதினோரு போன். என்ன அடிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். பத்தடித்ததும் பதினோரு பேரும் ஒன்றாக அமுக்கினார்கள். நான் அக்காவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். முதலில் அக்காவுக்குக் கிடைத்தது. பிறகு ஒவ்வொருவராக, கிடைச்சிருச்சு, கிடைச்சிருச்சு என்று ஒரே கூச்சல். பதினொன்றும் கிடைத்துவிட்டன. அக்கா என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பொட்டாவது கிட்டாவது என்று நான் கத்தினேன்.

அடுத்த பத்து நிமிஷத்தில் பதினோரு போனுக்கும் டிக்கெட் கம்பனியிடமிருந்து ஒரே செய்தி வந்தது. ஒரே விலாசத்திலிருந்து ஒரே நேரத்தில் பல பதிவுகள் வந்திருப்பதால் பிளாக் வியாபாரம் என்று சந்தேகிக்கிறோம், பன்னிரண்டு மணிக்குள் விளக்கம் தராவிட்டால் அத்தனையும் ரத்து.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. திருடனை விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கிறார்களே! ஆனால் தப்பு என் துண்டுக் காகிதத்தில்தான் இருந்தது. தோட்டத்துப் பெயர், மேற்பிரிவு, லுணுகலை. பதினோரு பேருக்கும் அதேதான். வேறு என்ன எழுதுவது? பிறந்ததிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அந்த ஒரு விலாசம்தான். கடிதம் எதுவானாலும் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி, வந்தால் வரும்.

செய்தியில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். தமிழ் பேசுகிற ஒரு பெண்தான் பேசினாள். நான் போட்ட சத்தத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, தனித்தனி வீடுகள் என்று தெரிந்தால் விட்டுவிடலாம், ஒவ்வொருவரும் அடையாள அட்டையோடு தங்கள் கதவு நம்பர் தெரிய நின்று படம் அனுப்பினால் போதும் என்றாள்.

"லயத்துக்குத்தாங்க நம்பர் இருக்கு. கதவுக்கெல்லாம் இல்லீங்க" என்றேன்.



"அப்ப நீங்களே போட்டுருங்க" என்றாள்.

மேட்டிலிருந்து இறங்கி ஓடினோம். எந்தப் பக்கத்திலிருந்து ஒன்று என்று ஒரு சின்னச் சண்டை வந்தது. கோயில் பக்கத்திலிருந்து என்று தீர்த்து, சோக்குக் கட்டியால் கதவு கதவாக எழுதினேன். அக்காவின் கதவு ஏழு. எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், படம் எடுத்தேன். மறுபடி மேட்டுக்கு ஓடி எல்லாவற்றையும் அனுப்பும்போது மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்க, டிக்கெட் பதினொன்றும் உறுதி என்று செய்தி வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

சாயந்திரம் பதுளைக்குப் புறப்படும்போது பார்க்கிறேன், அக்கா கதவுக்கு முன்னால் குந்தியிருந்தாள். கோயில் வேலையில் மிஞ்சிய நீலப் பெயின்ட்டை வாங்கி வந்து, சோக்கால் எழுதிய ஏழின் மேலேயே பூசிக்கொண்டிருந்தாள். டிக்கெட்தான் கிடைத்துவிட்டதே, இனி எதற்கு இது என்று கேட்டேன்.

"கச்சேரி ஒரு நாள்தானே. மத்த நாளெல்லாம் நான் இங்கதானே இருக்கேன்" என்றாள், தூரிகையை எடுக்காமல்.