மூன்று பேர் குறைந்த ஞாயிறு

சண்முகப்பிரியாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. போலீஸ்காரரான அப்பா மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் வளர்ந்தவள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தபோதும் பாதி நேரம் நின்றபடியேதான் வேலை. கல்யாணமாகிக் குத்துக்கல்வலசைக்கு வந்த பிறகு, தென்காசியில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பாயின.

அந்த ஞாயிறு ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. நோயாளிகளின் விவரங்களைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு நகலெடுத்திருந்தாள். எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் போதும். ஒவ்வொரு அட்டவணையிலும் எத்தனை பதிவுகள் என்று மளமளவென்று இறங்கும். இரண்டு சர்வரிலும் ஓட்டினாள். நோயாளிகள் அட்டவணையில் மட்டும் புதியதில் மூன்று குறைந்தது.

மேனேஜர் விஸ்வநாதன் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு பேர்ல மூணுதானம்மா? விடு, நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"அந்த மூணு பேரு யாருன்னு தெரியாம எப்படி அண்ணாச்சி விடுதது?"

எழுந்து வராந்தாவில் நடந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. நகலெடுக்கும்போது எதையோ தவறவிட்டோமோ? திரும்பி வந்து மறுபடி ஓட்டினாள். குறைவு ஐந்தாகியிருந்தது. நிதானமாக எண்களைப் பார்த்தபோதுதான் உறைத்தது: புதியதில் எண் இறங்கவில்லை, பழையதில்தான் ஏறியிருக்கிறது.

யாரோ அதில் புது நோயாளிகளைப் பதிகிறார்கள். இங்கே யாருமில்லை; அதே சர்வரில் பதிகிற இன்னோர் இடம் ஆஸ்பத்திரியின் குற்றாலம் கிளைதான். உடனே அங்கே போன் போட்டாள். நர்ஸ் ஜாய் எடுத்தாள்.

"ஏட்டி ஜாய், இன்னைக்கு லீவுதான? அங்கன என்ன பண்ணுத?"

"சீசன்லாக்கா! அருவில குளிச்சவங்க கண்ணு செவந்து வாசல்ல வந்து நிக்காவ. டாக்டர் தொறக்கச் சொல்லிட்டாரு. ஒவ்வொருத்தரா பதியுதேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நிறுத்துட்டி. இனி வாரவங்களப் பேப்பர்ல எழுதி வை."

கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பழைய சர்வரில் யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, முழுவதையும் முதலிலிருந்து நகலெடுத்தாள். இந்த முறை எல்லா எண்களும் பொருந்தின.

"இப்பம் திருப்திதான?" என்றார் விஸ்வநாதன்.

"எண்ணிக்கை சரி அண்ணாச்சி. உள்ள இருக்கதும் சரியான்னு பாக்கணும்லா?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார். அவள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிவுகளைத் திறந்து, சாயங்காலம்வரை ஒப்பிட்டாள்.

திங்கள் காலை வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் கண்புரை ஆபரேஷனுக்கு வந்தார். வரவேற்பில் அவர் பெயரைத் தட்டியதும், எந்த மருந்து அவருக்கு ஆகாது என்ற பழைய குறிப்பு புதிய சர்வரிலிருந்து சிவப்பில் வந்தது. பின்னால் நின்ற சண்முகப்பிரியா நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆனாலும் போகவில்லை, அடுத்தவர் பெயரும் வரட்டும் என்று நின்றாள்.