நாக்கக்காவுக்கு ஏறிய சூடு

மிளகாய் சாஸ் கம்பெனியில் எல்லாரும் அவளை நாக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்த்துடுக்கால் வந்த பட்டமல்ல. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு கொப்பரையிலிருந்தும் ஒரு கரண்டி அவள் நாக்கில் பட்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் சாஸ் பாட்டிலில் இறங்கும். பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவளின் ஒரு சொல்லுக்காக முதலாளியே காத்து நிற்பார்.

நாற்பத்தொன்பது வயசில் மாதவிடாய் தாறுமாறானது. கூடவே அந்தச் சூடும் வந்தது. நெஞ்சில் பற்றி, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். சட்டை தொப்பலாக நனையும். ஐந்து நிமிஷத்தில் அடங்கி, உடம்பு வெடவெடக்கும்.

கம்பெனி நர்சம்மாவிடம் போனாள்.

"இந்த வயசுல நிறைய பேருக்கு வர்றதுதாங்கக்கா. சில பேருக்குக் காரம், சூடான காபி எல்லாம் தூண்டிவிடும். சில பேருக்கு ஒண்ணும் பண்ணாது. என்ன சாப்பிட்டீங்க, எப்ப சூடு வந்துச்சுன்னு ரெண்டு வாரம் எழுதிப் பாருங்க."

எழுதினாள். லீவு நாளில் இரண்டு தடவை. வேலை நாளில் ஏழு, எட்டு. அதுவும் கரண்டியைக் கீழே வைத்த கொஞ்ச நேரத்துக்குள். நோட்டை யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைத்தாள். வீட்டில் காரத்தையும் காபியையும் அடியோடு விட்டாள். வேலையை விட மட்டும் மனசு வரவில்லை.

ஒருநாள் வெளியூர் வியாபாரிகள் முன்னால் கரண்டியை வாயில் வைத்தாள். சூடு குப்பென்று ஏறியது. முகம் சிவந்து, வேர்வை சொட்டச் சொட்ட, வார்த்தை வராமல் நின்றாள். சரக்கு கெட்டுவிட்டது என்று நினைத்து அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

"சரக்கு நல்லாத்தான் இருக்கு சார். எனக்குத்தான் உடம்பு முடியல," என்று மானேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னா இங்க வெச்சிருப்பீங்களா சார்?"

அடுத்த திங்கட்கிழமையே அவர் அவளை லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்.

சூடு பாதிக்குப் பாதி குறைந்தது, முழுசாகப் போகவில்லை. ஒருநாள் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போன கொப்பரையில் புளிப்பு தூக்கல் என்று மணத்திலேயே தெரிந்தது. ஓடிப்போய்ச் சொன்னாள்.

"நீங்க லேபிளைப் பாருங்கக்கா, போதும்," என்றாள் புதிதாக ருசி பார்க்க வந்தவள்.

அன்று சாயங்காலம் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். பஸ் ஓட்டும் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் தட்டிலும் அதே காரமில்லாத காய்.

"உங்களுக்கு என்ன தலையெழுத்து? காரமில்லாம உங்களுக்கு இறங்காதே."

"எனக்கும்தான் வயசாகுது," என்று மென்றார். அது பொய் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

ஐந்து வருஷம் கழித்து சூடு தானாகவே நின்றது. பழைய வேலையைத் திருப்பிக் கேட்டு மானேஜரிடம் போனாள்.

"இப்ப மெஷினே பாத்துடுதும்மா," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

சரி சார் என்று சொல்லிவிட்டு, லேபிள் பிரிவுக்கே திரும்பி நடந்தாள்.