பெரம்பலூரில் நான் போட்ட கோல்

என் சின்ன மாமா பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடக் கால்பந்தை உதைத்ததில்லை. ஆனால் உலகத்தில் யார் யார் அதை உதைக்கிறார்களோ அத்தனை பேரைப் பற்றியும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அம்மாவுக்குக் கடைசித் தம்பி அவர். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் வேலை. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ஏறி இறங்குவதற்கும் அடுத்தது வருவதற்கும் நடுவில் செல்போனில் ஆட்டம் பார்ப்பார். பக்கத்து ஊரில் இருந்த எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம். ஆகவே பார்த்ததையெல்லாம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எங்களிடம் சொல்வார்.

தலைமுடிக்கு நேரம் செலவழிக்கிற ஆட்டக்காரனை நம்பக்கூடாது என்பார். தொட்டவுடன் விழுந்து புரளுகிறவனை அப்படியே மைதானத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பார். பயிற்சியாளர்களில் அவர் மதித்தது ஆட்டம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும்தான். கோட்டோரமாக ஓடிக் கையை வீசிக் கத்துகிறவர்களைக் கண்டாலே ஆகாது. "சொல்லிக் குடுக்கறத முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கணும். பரீட்சை ஹாலுக்குள்ள வந்து கத்துனா ஆச்சா?" என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா குழம்பு வேண்டுமா ரசம் வேண்டுமா என்று திருப்பிக் கேட்பாள்.

கால்பந்துக்கு அடுத்தபடி பர்கர். திருச்சிக்கு எதற்காகப் போனாலும், பல் பிடுங்கிக்கொள்ளப் போனால்கூட, ஒரு பர்கர் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார். பன்னை வெண்ணெயில் வாட்டாத கடைக்கு அவர் இரண்டாம் முறை போனதில்லை. முன்னால் கடித்தால் பின்னால் எதுவும் பிதுங்கி ஓடக்கூடாது. மயோனைஸை அள்ளி ஊற்றியிருந்தால் உள்ளே கட்லெட் சரியில்லை என்று அர்த்தம். அந்த வருடம் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னக் கடை வந்தது. அங்கே பெரிய வெங்காயத்துக்குப் பதிலாகச் சின்ன வெங்காயத்தை நறுக்கி வைத்தார்கள். திருச்சிக் கடைகள் எல்லாம் ஒரே நாளில் அவர் கண்ணில் மதிப்பிழந்தன. "ஊரைச் சுத்தி வெங்காயக் காடு. இங்க உக்காந்துக்கிட்டுப் பெரிய வெங்காயம் திங்கறவனுக்கு நாக்கு எதுக்கு?" என்றார். நான் அதுவரை பர்கரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ரசம் சோறு சாப்பிட்டபடியே பர்கரின் குற்றம் குறைகளை எல்லாம் தெரிந்துவைத்திருந்தேன்.

அப்போது நான் ஆறாவது படித்தேன். எங்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர் ஒருவர் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு கால்பந்து அணி ஆரம்பித்திருந்தார். பழைய இரும்புக் குழாய்களை நட்டு கோல் கம்பம். பந்து வேலிப்பக்கம் போனால் கருவேல முள் குத்திக் காற்று இறங்கிவிடும். எங்கள் கோல்கீப்பர் எட்டாவது படிக்கிற அக்கா. அவள் அப்பா ஆலையில் வெல்டர். அவருடைய தோல் கையுறைதான் அவளுக்குக் கையுறை. முழங்கைவரை வரும்.

பெண்பிள்ளைகள் டவுசர் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பற்றி ஊரில் சிலர் வந்து முணுமுணுத்துவிட்டுப் போயிருந்தார்கள். தலைமையாசிரியை யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர். பெரம்பலூரில் ஒரு பள்ளியோடு ஆட்டம் முடிவாகியிருந்தது. "அந்த ஒரு ஆட்டம் ஆடிட்டு வாங்க. அதுக்கப்புறம் இந்த டீம் வேணுமா வேணாமான்னு பாக்கலாம்" என்று எங்களிடமே சொல்லிவிட்டார். அதன் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது விளையாட்டு டீச்சர் பிரசவத்துக்காக விடுப்பில் போய்விட்டார். அணியை அப்போதே கலைத்துவிடலாமா என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தது. "பேசாம எந்தம்பிய வரச் சொல்றேன் டீச்சர். அவனுக்குத் தெரியாத ஃபுட்பால் கிடையாது" என்று அம்மா கேலியாகச் சொன்னாள். தலைமையாசிரியைக்குக் கேலி புரியவில்லை. "நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார்.

அன்றிரவு அதைக் கேட்டதும் மாமா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "அக்கா, எனக்குப் பாக்கத்தாங்க்கா தெரியும்."

"நாலு வருஷமா என் உயிர வாங்குனல்ல? அதையே அந்தப் புள்ளைங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்றாள் அம்மா.

மறுநாள் புதுத் தொப்பி, புது விசிலோடு வந்தார். வட்டமாக நிற்கவைத்து அரை மணி நேரம் பேசினார். பிறகு யாரோ ஒருத்தி பந்தை அவர் பக்கம் உருட்டிவிட்டாள். மாமா நான்கடி பின்னால் போய் ஓடிவந்து உதைத்தார். பந்து அங்கேயே இருந்தது. செருப்பு பறந்து பள்ளிக்கூடத்து ஓட்டின்மேல் விழுந்தது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவரும் சிரித்தார். ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டு, "இதத்தான் செய்யக் கூடாதுன்னு காட்டுனேன்" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அவர் எங்கள் ஆளாகிவிட்டார்.

யார் எந்த இடத்தில் ஆடுவது என்பதை அவரே முடிவு செய்தார். சத்துணவு முட்டையில் யாருக்கும் பங்கு கொடுக்காதவள் முன்கள ஆட்டக்காரி. நான் தடுப்பாட்டம். "நீ எங்கயும் போவ மாட்ட பாப்பா, நிக்கச் சொன்னா நிப்ப" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஆலையில் பகல் வேலையை மற்றவரிடம் மாற்றிக்கொண்டு தினமும் சாயங்காலம் தவறாமல் வந்தார்.

ஆட்டத்தன்று அரியலூர் வந்து பெரம்பலூர் பஸ் ஏறினோம். எங்களோடு கணக்கு டீச்சரும் வந்தார். பஸ்ஸில் பாட்டும் கூத்துமாக இருந்தது. பெரம்பலூர் நெருங்கும்போது மாமா எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கோல் போடுற ஆளுக்கு ஒரு பர்கர்! சீஸ் வெச்சது!"

அதுதான் அவர் செய்த பிழை.

ஆட்டம் தொடங்கியதும் எங்கள் பதினோரு பேருக்கும் ஒரே எண்ணம்தான். பந்து போன பக்கமெல்லாம் பதினோரு பேரும் ஓடினோம். எங்கள் காலிலிருந்தே நாங்கள் பந்தைப் பிடுங்கிக்கொண்டோம். நிற்கச் சொன்னால் நிற்கிற நானும் எதிரணி கோல் வாசலில் போய் நின்றேன். கோல்கீப்பர் அக்கா வெல்டிங் கையுறையோடு நடுக்கோட்டைத் தாண்டிவிட்டாள். பெரம்பலூர்ப் பிள்ளைகள் காலியாகக் கிடந்த எங்கள் கோலுக்குள் அவசரமே இல்லாமல் நான்கு முறை பந்தைத் தட்டிவிட்டார்கள்.

மாமா கோட்டோரமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினார். தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். எதிர்ப்பக்கம் பெரம்பலூர் அணியின் பயிற்சியாளர், உயரமான ஒரு மேடம், காலை மடக்கி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் மாமா எங்களைத் திட்டுவதற்குப் பதில் அவரைத்தான் காட்டினார். "பாத்தீங்களா, ஒரு வார்த்தை பேசல. அதுதான் கோச்சு."

எலுமிச்சம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்த கோல்கீப்பர் அக்கா கேட்டாள்: "சார், கோல் போட்டாத்தான் பர்கர்னா நான் எப்பதான் சார் திங்கறது?"

மாமா தரையில் கிடந்த தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி. பாஸ் குடுக்கறவங்களுக்கும் உண்டு" என்றார்.

இரண்டாம் பாதியில் நாங்கள் பாஸ் கொடுத்தோம். பாஸ் மட்டும்தான் கொடுத்தோம். முட்டை தராத முன்கள ஆட்டக்காரி எதிரணிக் கோலுக்கு மூன்றடி தூரத்தில் தனியாக நின்றுகொண்டு, அப்படியே திரும்பி, பந்தை எனக்கு அனுப்பினாள். நான் அதைவிடப் பெரிய மனதோடு கோல்கீப்பர் அக்காவுக்கு அனுப்பினேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா மைதானத்துக்குள்ளேயே ஓடிவந்துவிட்டார். "எல்லாருக்கும் பர்கர்! கோலும் வேணாம், பாஸும் வேணாம், எல்லாருக்கும் உண்டு! சும்மா வெளையாடுங்கடி யம்மா!" நடுவர் அவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் ஆடினோம். எப்படி என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரவர் இடத்தில் அவரவர் நின்றோம். பந்து தானாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவதுபோல் போனது. முன்கள ஆட்டக்காரி ஒரு கோல் போட்டாள். நாங்கள் அவள்மேல் ஏறி விழுந்தோம். சிரித்தவர்கள் கைதட்டினார்கள்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பந்து எங்கள் கோலின் முன்னால் துள்ளியபடி என்னிடம் வந்தது. நானும் எனக்குப் பின்னால் கோல்கீப்பர் அக்காவும்தான் அங்கே நின்றோம். என் பலத்தையெல்லாம் சேர்த்து ஓர் உதை. என் வாழ்நாளில் அப்படி உதைத்ததில்லை. பந்து தரையைத் தொடாமல் வளைந்து போய்க் கம்பத்தின் மேல் மூலையில் இறங்கியது. அது போன அழகில், எந்தப் பக்கத்துக் கம்பம் என்பது ஒரு கணம் மறந்துபோய்க் கையிரண்டையும் தூக்கிக் குதித்துவிட்டேன். பெரம்பலூர்ப் பிள்ளைகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் புரிந்தது, பந்து விழுந்தது எங்கள் கோலில். எங்கள் பக்கத்தில் கைதட்டியது ஒரே ஒருவர். "என்னா அடி! என்னா அடி!" என்று மாமா கத்திக்கொண்டிருந்தார்.

ஐந்துக்கு ஒன்று. விசில் ஊதியதும் கோல்கீப்பர் அக்கா கையுறையைக் கழற்றி மடித்தாள். "எங்கப்பாகிட்டயே குடுத்துற வேண்டியதுதான்" என்றாள். நான் அழுதேன்.

மாமா எங்களை மட்டும் பர்கர் கடைக்கு அழைத்துப் போகவில்லை. பெரம்பலூர் அணியையும் அந்த மேடத்தையும் சேர்த்தே கூப்பிட்டார். எட்டு நாற்காலி உள்ள கடைக்குள் இருபத்தைந்து பிள்ளைகள் நுழைந்ததும் கடைக்காரர் அடுப்பைப் பார்ப்பதா எங்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார். மாமா வழக்கம்போல் பன்னை எப்படி வாட்டவேண்டும் என்று ஆரம்பித்தார். "அண்ணே, பேச நேரமில்ல, இத நறுக்குங்க" என்று கடைக்காரர் ஒரு கூடை சின்ன வெங்காயத்தை அவர் முன்னால் வைத்துவிட்டார். மாமா கண்ணில் நீர் வழிய நறுக்கினார். பாதியில் பன் தீர்ந்துபோய், எதிர் பேக்கரியிலிருந்து பட்டர் பன் வாங்கிவந்து அதற்குள் கட்லெட்டை வைத்துக் கொடுத்தார்கள். யார் எந்த ஊர் என்று தெரியாமல் கலந்து உட்கார்ந்து தின்றோம். அவர்களுடைய கேப்டன் எங்கள் அக்காவின் வெல்டிங் கையுறையை வாங்கிப் போட்டுப் பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள்.

என் பர்கரில் முன்னால் கடித்தால் பின்னால் எல்லாம் ஓடியது. உலகத்தில் அதைவிட ருசியான ஒன்றை நான் அதுவரை தின்றதில்லை.

அப்போதுதான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வாசலில் மாமா அந்த மேடத்தின் முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்து கன்னம் நனைந்திருந்தது. மேடம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மாமா கையை வளைத்துப் பந்து போகிற மாதிரி ஏதோ காட்டினார். என் கோலைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீதிப் பர்கரைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் தலைமையாசிரியைக்குப் பெரம்பலூர்ப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரேயரில் அவரே வாசித்தார். எங்கள் பள்ளி மாணவிகளின் ஆட்டத்திறனைக் கண்டு வியந்ததாகவும், எங்கள் ஊருக்கே வந்து மறுமுறை ஆட அனுமதி வேண்டும் என்றும் அதில் இருந்தது. வாசிக்க வாசிக்க அவர் குரல் உயர்ந்தது. முடிக்கும்போது அணியை ஆரம்பித்ததே தான்தான் என்பதுபோல் நிமிர்ந்து நின்றார். அணி கலையவில்லை. அடுத்த ஆட்டத்தில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். அதற்கடுத்ததில் ஜெயித்தோம். விளையாட்டு டீச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தார்.

நான் கல்லூரி அணிக்கு ஆடப் போன பிறகு ஒரு போட்டியில் அந்த மேடத்தைச் சந்தித்தேன். நடுவராக வந்திருந்தார். ஊரைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "ஒங்க மாமா நல்லாருக்காரா? அந்த லெட்டரே அவரு கேட்டுக்கிட்டதாலதாம்மா எழுதுனேன், அன்னிக்கு அந்தப் பர்கர் கடை வாசல்ல நின்னுக்கிட்டுக் கேட்டாரு. 'எங்க புள்ளைங்க இன்னிக்கு மோசமாத்தான் ஆடுச்சுங்க. ஆனா நடுவுல பத்து நிமிஷம் ஆடுனத நீங்க பாத்தீங்கல்ல? நீங்க கூப்ட்டா எங்க எச்.எம். மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. இல்லாட்டி இதோட நிறுத்திடுவாங்க'ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. கண்ணுல தண்ணி. வெங்காயம்னு சொன்னாரு."

வீட்டுக்கு வந்து மாமாவிடம் கேட்டேன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தக் கடையில கட்லெட்டுக்கு அன்னிக்கு உப்புப் பத்தல" என்றார்.

அன்று பெரம்பலூரிலிருந்து திரும்பிய பஸ்ஸில் அவர்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்து வெங்காய வாடை வந்துகொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் போட்ட ஒரு கோலுக்காக வேற்றூர்க்காரர் முன்னால் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்ட மாமாவோடு இனிமேல் பேசலாமா கூடாதா என்று வழிநெடுக யோசித்தேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, போனால் போகிறது என்று பெரிய மனது பண்ணி அவரை மன்னித்துவிட்டேன்.