பானட்டுக்கு அந்தப் பக்கம்

எங்க வம்சத்தில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்னிக்கே, அம்மா கட்டிவிட்ட தாயத்தைக் கழற்றி மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டேன், படிப்பு மேல அவ்வளவு நம்பிக்கை. யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போகிற ஆள் நான். அதனால நீங்களும் பாதியில் எழுந்து போனால் எனக்குக் கோபம் வராது. ஆனா ஒண்ணு, எனக்கு நடந்தது ராத்திரியில் இல்லை. ஹைதராபாத் சைனிக்புரியில், மே மாச வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில், ஒரு காரைப் பழுது பார்க்கும்போது.

ராபின் என்கூடப் படித்தவன். அவன் அப்பா டேனியல் அங்கிள் திருநெல்வேலிப் பக்கம், ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு அப்புறம் கல்ஃபில் பல வருஷம் வேலை பார்த்தவர். திரும்பி வரும்போது கப்பலில் ஒரு டர்போ காரையும் கொண்டுவந்தார். புகை வெளியே போகிற வேகத்திலேயே ஒரு சின்னக் காத்தாடி சுற்றி, எஞ்சினுக்குள்ளே கூடுதலாகக் காற்றைத் திணிக்கும், அதுதான் டர்போ. அந்த வண்டி தெருவில் திரும்பினாலே பசங்க விளையாட்டை விட்டுட்டு நிற்பாங்க.

அந்த வீட்டில் அங்கிள் ஒருத்தர்தான் ஊர்த் தமிழ் பேசுவார். ராபினுக்கும் அவன் அக்கா ஷீலாவுக்கும் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கிலோ இந்தியிலோதான் வரும். நான் எதைச் சொன்னாலும் ராபினிடமிருந்து ஒரே பதில், "ஹவ்", அதாவது ஆமாம். அங்கிள் அப்படி இல்லை. எனக்கு ஸ்பானர் பிடிக்கவே தெரியாத காலத்தில், கேட்டைத் திறக்கும்போதே "வாடே இன்ஜினியர்" என்பார். எங்க அப்பா ரயில்வேயில் கலாசி, என் படிப்புக்குப் பேர் என்னன்னுகூட அவருக்குச் சொல்லத் தெரியாது. என்னை முதல்முதலில் இன்ஜினியர்னு கூப்பிட்டவர் டேனியல் அங்கிள்தான், அது எவ்வளவு பெரிய விஷயம்னு என்னை மாதிரி வீட்டிலிருந்து வந்தவங்களுக்குத்தான் தெரியும்.

"கல்யாணத்துக்கு ஷீலா இந்த வண்டிலதான் சர்ச்சுக்குப் போவா, நாந்தான் ஓட்டுவேன், வேற எவனும் சாவியத் தொடப்பிடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், கல்யாணம் பேசி முடித்த கையோடு மாரடைப்பில் போய்விட்டார். கல்யாணம் தள்ளிப்போனது, காரும் ஷெட்டிலேயே கிடந்தது. அடுத்த மே மாசம் திரும்பவும் நாள் குறித்தபோது ஷீலா அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அப்பா வண்டியில் போகணும், இல்லாட்டி ஆட்டோவில் போவேன், டாக்ஸி நக்கோ, வேண்டவே வேண்டாம்.

நான் அப்போ ஒரு பொதுத்துறை தொழிற்சாலையில் ட்ரெயினி. கல்யாணத்துக்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டு வந்து வண்டியைத் திறந்தேன். ரப்பர் ஹோஸ் ஒண்ணு காய்ந்து வெடித்திருந்தது, மாற்றினேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஹோஸைக் கழற்றினால் தண்ணீர் போகிற வழியில் காற்று நுழைந்துவிடும், அந்தக் காற்றை முழுசா வெளியேற்றாவிட்டால் தண்ணீர் சுற்றாது, எஞ்சின் கொதித்துவிடும். சாதா வண்டியே அப்படின்னா, டர்போவையும் தண்ணீர்தான் குளிர்விக்கிற வண்டி என்ன ஆகும்!

சமையல் அடுப்புக்கு வந்திருந்த செங்கல்லை அடுக்கி முன்சக்கரங்களை மேலே ஏற்றினோம், காற்று உயரமான இடத்துக்கு வரணும் இல்லையா. ராபின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரைப் பிடிக்கணும். நான் முன்னால் நின்று, மேலே இருக்கிற சின்ன ஸ்குரூவைத் தளர்த்தி, ஹோஸை அமுக்கி அமுக்கிக் குமிழியை வெளியேற்றணும். நடுவில் பானட் தூக்கி நிற்கும், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான்.

ரெண்டு தடவை செய்தோம். ரெண்டு தடவையும் சூடு காட்டுற முள் சிவப்பைத் தொட்டு, ஆவி புஸ்ஸென்று கிளம்பியது.

"க்யா ரே இன்ஜினியர், யே கார் ஹை கி இட்லி குண்டான்?" என்றான் ராபின், இது காரா இட்லி குண்டானான்னு.

"நீ ரேஸ் விடுற மாதிரி மிதிச்சா இப்படித்தான்டா ஆகும்!"

"ஹவ் ஹவ், சப் மேரா கல்தி." எல்லாம் அவன் தப்புதானாம்.

ரோஸ் ஆன்ட்டி, ராபினோட அம்மா, ஒத்திகைக்காக அக்காவைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினாங்க. போகும்போது என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பரவால்ல பேட்டா, சாயங்காலம் டாக்ஸிக்குச் சொல்லிடுறேன்" என்றாங்க. அக்கா காரோட கூரையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாங்க. அதுதான் எனக்குத் தாங்கலை.

எஞ்சின் ஆறட்டும்னு விட்டுவிட்டு, கொல்லைப்புறம் போய் மோட்டாரைப் போட்டு வாளியில் தண்ணீர் பிடித்தேன். அந்த மோட்டார் சத்தத்தில் வேற எதுவும் காதில் விழாது. திரும்பி வந்தேன், பானட் தூக்கினபடியே இருந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டுக் குரல் கொடுத்தேன், "ஸ்டார்ட் பண்ணுடா." ஸ்டார்ட் ஆனது. "கொஞ்சம் ஏத்து." ஏறியது, எப்படித் தெரியுமா, பஞ்சை மிதிக்கிற மாதிரி மெதுவாக ஏறி, நான் நினைத்த இடத்தில் வந்து நின்றது. பையன் ஒருவழியா கத்துக்கிட்டான்னு நினைத்தேன். ஹோஸை அமுக்கினேன். முதலில் பொடிக் குமிழி, அப்புறம் திடீரென்று ஒரு பெரிய ஏப்பம் மாதிரி காற்று, துரு கலந்த தண்ணீர், திரும்பவும் காற்று. இவ்வளவு நேரம் இது எங்கே ஒளிந்திருந்ததுன்னு எனக்குப் புரியலை. கடைசியில் குமிழியே இல்லாமல் நூல் பிடித்த மாதிரி தண்ணீர் வந்தது. ஸ்குரூவை இறுக்கினேன்.

சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? "நாளைக்கு நீ அக்கா கையப் பிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போகணுமே, அப்போ வண்டிய யாரு ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"நான் இருக்கேம்லா" என்று பானட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

சரின்னு சொல்லிவிட்டு ஸ்குரூவை இன்னொரு சுற்று இறுக்கினேன். "போதும், ஆஃப் பண்ணு." ஆஃப் ஆனது. அந்த அமைதியில் கேட்டுப் பக்கம் ஸ்கூட்டர் சத்தம். திரும்பிப் பார்க்கிறேன், ராபின் ஒரு கையில் சமோசா பொட்டலத்தோடு உள்ளே வருகிறான். பசி தாங்காமல் மல்காஜ்கிரி வரைக்கும் போயிருக்கிறான்.

பானட்டை இறக்கினேன். சீட்டில் யாரும் இல்லை. கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது, வெயில் அனல் இல்லை, வண்டிக்குள்ளிருந்து. ஹீட்டர்! டேஷ்போர்டுக்குள்ளே ஹீட்டருக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் உண்டு, அதன் வழி மூடியிருந்தால் அங்கே அடைபட்ட காற்று வெளியே வரவே வராது. திறந்துவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்யணும். பனி பெய்கிற ஊர்க்காரனுக்கு அது தானாகத் தோன்றும், ஹைதராபாத் மே மாசத்தில் எவனுக்குத் தோன்றும்? பசங்க தெரியாமல் திருப்பிவிடக் கூடாதுன்னு அந்த லீவர் மேல அங்கிளே ஒரு பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருந்தார். வண்டி வந்த நாளிலிருந்து அதை யாரும் எடுத்ததில்லை. இப்போ அது அழகாகப் பிரிக்கப்பட்டு ஸ்டியரிங் ஓரத்தில் ஒட்டியிருந்தது. லீவர் முழுச் சூட்டில் இருந்தது.

ராபின் பைபிள் மேல சத்தியம் பண்ணினான். அது என்ன லீவர்னே அவனுக்குத் தெரியாது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, "இருக்கேம்லா"ன்னு அவன் இந்த ஜென்மத்தில் சொல்லமாட்டான்.

மறுநாள் ஓட்டினது நான்தான். முள் பாதியைத் தாண்டலை. காற்றுதான் வெளியே போய்விட்டதே, லீவரை மூடியிருக்கலாம், ஆனா எனக்குக் கை வரலை. வெள்ளைப் புடவையில் அக்கா வியர்த்து ஊற்ற, ஜன்னல்களைத் திறந்துபோட்டு அந்த அனலோடேயே போனோம். பாதி வழியில், "ஹீட்டரை மூடட்டுமாக்கா?" என்று கேட்டேன். ராபின் எல்லாத்தையும் சொல்லியிருப்பான் போல. "நக்கோ, ரெஹ்னே தே" என்றாங்க, அப்படியே இருக்கட்டும்னு. முகத்தைத் துடைக்கிற மாதிரி கண்ணையும் துடைத்துக்கொண்டாங்க.

இதையெல்லாம் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சிரித்தவங்க உண்டு, நீயே ஹீட்டரைத் திறந்துட்டு மறந்திருப்பேன்னு சொன்னவங்களும் உண்டு. நானும் அப்படி நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனா ஒரு விஷயம் போன வருஷம், பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வந்தது, அன்னியிலிருந்து தூக்கம் சரியில்லை. "நான் இருக்கேம்லா"ன்னு பதில் வந்ததும் சரின்னு சொன்னேன் இல்லையா, வெறும் சரி இல்லை அது.

"சரி, அங்கிள்" என்றுதான் சொன்னேன்.