பதினாறாவது லேபிள்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் மாலை போடுவார்கள், விரதம் இருப்பார்கள். திருப்பூர்க்காரர்கள் இவற்றோடு ஒரே நிறத்தில் டி-ஷர்ட்டும் தைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் முதலிரண்டில் முன்னே பின்னே இருந்தாலும் மூன்றாவதில் ஒரு குறையும் வராது. அப்பா திருப்பூர் ராயபுரத்தில் சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தார். எட்டுத் தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள். முருகனுக்கு அடுத்தபடியாக அந்த டேபிளைத்தான் நாங்கள் கும்பிட்டோம்.

அந்த வருடம் நான் நான்காம் வகுப்பு. முதன்முறையாக என்னையும் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் அதை வகுப்பில் முப்பது பேரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் போவது உறுதியாகியிருக்கவில்லை. அதற்குக் காரணம் சித்தப்பா.

மூன்று வருடங்களுக்கு முன் அதே நடையில்தான் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். தாராபுரத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் நெஞ்சு வலித்து உட்கார்ந்திருக்கிறார். செல்போன் பைகளோடு டெம்போவில் போய்விட்டது. சாலை முழுக்க ஜனம். அமராவதிப் பாலத்தில் அப்பா நின்று, போகிற முதுகுகளைப் பார்த்து எண்ணி, "எல்லாரும் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் மீந்திருந்த பச்சைத் துணியில் எங்களுக்குத் தைத்ததுபோக இன்னும் நாலு குழுவுக்கும் தைத்துக் கொடுத்திருந்தார். சாலையில் பாதிப் பேர் எங்கள் பச்சைதான். ஆனால் அப்பா கடைசிவரை சாதித்தார், தம்பியின் முதுகைத் தன் கண்ணால் பார்த்தேன் என்று. எட்டு கிலோமீட்டர் பின்னால் கிடந்தவர் பாலத்தின் மேல் எப்படி நடந்து போனார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் தூங்குவதாக நினைத்துப் பேசிக்கொண்டார்கள்.

உயிரோடு இருப்பவர்களை எண்ணியதால்தான் இப்படி ஆனது என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. எண்ணினால் கண் பட்டுவிடுமாம். இரண்டு வருடம் யாரும் நடக்கவில்லை. மூன்றாம் வருடம் சித்திதான் வாயைத் திறந்தாள். அந்த மரத்தடி வரைக்குமாவது தான் நடக்க வேண்டும் என்றாள். வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத சித்தி கேட்டபின் அப்பாவால் மறுக்க முடியவில்லை. ஆளை எண்ணுவதில்லை, ஆனால் ஆள் கணக்கு இம்மி பிசகக்கூடாது, பிசகினால் நடை இல்லை என்று ஒரு நிபந்தனை வைத்தார். வழியும் அவரே கண்டுபிடித்தார். ஒவ்வொருவரும் தன் டி-ஷர்ட் சைஸுக்கான துணி லேபிளை ஒரு குண்டாவில் போட வேண்டும். லேபிளை எண்ணினால் ஆளை எண்ணிய பாவம் வராது, தைக்க வேண்டிய சைஸும் தெரிந்துவிடும்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனியில் கூடினோம். மெஷின்கள் ஓடாத கம்பெனியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மூலையில் அடுக்கியிருந்த துணி ரோல்கள் ஆட்கள் குந்தியிருப்பதுபோல் இருந்தன. எங்கே தங்குவது, பையை எந்த டெம்போவில் ஏற்றுவது, கால் கொப்புளத்துக்கு என்ன மருந்து என்று பேச்சு ஓடியது. அத்தையின் வீட்டுக்காரரான மாமா, எந்த ஊரில் என்ன சாப்பாடு என்பதை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தார். பிறகு குண்டா சுற்றி வந்தது. நான் என் இருபத்தி நாலாம் நம்பரைப் போட்டேன்.

போகிறவர்கள் பதினைந்து பேர். அப்பா கொட்டி எண்ணினார். பதினாறு.

ஒரு 'எல்' சைஸ் அதிகம்.

"மாப்ளைதான் ஆளுக்கொன்னு, வவுத்துக்கொன்னு போட்டுட்டாருங்க," என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி போட்டோம். மறுபடி பதினாறு. அதே 'எல்'.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா 'எல்' சைஸ் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "தம்பி, வேண்டாஞ் சாமி. அவன் வந்து நிக்கிறான்," என்றாள். துணி ரோல்களின் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன்.

சித்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் நடை அந்தக் குண்டாவுக்குள் கிடந்தது.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, நீ குண்டாவப் புடி. ஒவ்வொருத்தரும் கையத் தொறந்து ஒன்னு காட்டிப் போடட்டும். நல்லாப் பாத்துக்கோ."

பிடித்தேன். ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டிப் போட்டார்கள். அம்மா, அத்தை, மாமா, மற்றவர்கள். சித்தியின் கையில் ஒரு சின்ன 'எஸ்' ஒட்டிக்கொண்டிருந்தது, உதறித்தான் விழுந்தது. என்னுடையதையும் போட்டேன். கடைசியாக அப்பா போட்டார். எல்லோருக்கும் ஒன்றே ஒன்று. நான் சத்தியம் செய்வேன்.

கொட்டினார்கள். பதினாறு.

என் நடை போயிற்று என்று நினைத்தேன். அதற்காக அழுதேனா, பயத்தில் அழுதேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை. அப்பா அந்த 'எல்'லைத் தனியே எடுத்து நீவிக்கொண்டிருந்தார். சித்தி எழுந்து அப்பாவிடம் வந்தாள்.

"பதினாறாவே தெச்சுருங்க மாமா," என்றாள். "அவுங்களும் வரட்டுங்க."

அப்பா தலையாட்டினார். கட்டிங் டேபிளில் அன்றைக்கே பதினாறு விழுந்தது. இந்த முறை நல்ல மஞ்சள். அந்தத் துணியில் வேறு யாருக்கும் ஒன்றுகூடத் தைக்கவில்லை.

நடந்தோம். வழியெல்லாம் கூட்டம், பாட்டு, மோர்ப் பந்தல். எனக்கு எதுவும் மனதில் பதியவில்லை. எங்களுக்குப் பின்னால் சித்தப்பா வருகிறார் என்ற ஒரே நினைப்புதான். தாராபுரம் வரை ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. புளியமரத்தடியில் சித்தி அந்தப் பதினாறாவது டி-ஷர்ட்டைப் பையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சற்று நேரம் நின்றாள். இதோடு திரும்பிவிடுவாள் என்று எதிர்பார்த்தோம். எங்களோடு நடந்தாள்.

பாலத்தில் அப்பா முன்னால் போய் நின்றார். ஆளை எண்ணாமல் சட்டையைத் தொட்டுத் தொட்டு அனுப்பினார். சித்தியிடம் அவள் சட்டையைத் தொட்டார், பிறகு தோளில் கிடந்ததைத் தொட்டார். கடைசியில் தன்னுடையதைத் தொட்டுக்கொண்டு, "எல்லாரும் வந்தாச்சு," என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அப்பாவுக்கும் என்னைப் போலப் பேய்ப் பயம் என்று எண்ணி, அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது நடைக்கு ஆள் சேர்ப்பது நான். குண்டாவும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் இரண்டு முறை அதிகமாகப் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது, சித்தியாக இருக்கலாம், ஏன், அத்தையாகக்கூட இருக்கலாம். மூன்றாவது முறை மட்டும் தெரியும். என்னுடையதோடு சேர்த்துப் பதினான்கு கைகள் விரிந்தன. அப்பாவின் கை மூடியபடியே குண்டாவுக்குள் போனது. அன்றைக்கே அதைப் பார்த்தேன். எல்லோர் கையிலும் பேயைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, அப்பாவின் கையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.