வாய்க்கொழுப்பும் மற்றக் கொழுப்பும்

பிள்ளைப்பாக்கத்தில் என் வீட்டுக்காரர் கோபத்துக்குப் பேர் போனவர். உழவு மாட்டிலிருந்து ஊர்த்தலைவர் வரைக்கும் யாரையும் விட்டுவைக்க மாட்டார். எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், நெல்மூட்டை தூக்கி வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் மாமனாரும் இப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் போனார்.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் டாக்டரிடம் தனியாகவே போய் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"இன்னா சொன்னாரு டாக்டரு?"

"கொழுப்பு ஜாஸ்தியா கீதாம். கொறைக்கலன்னா உசுருக்கே ஆபத்தாம். ஊர்ல எவனோ என்னப் பத்திப் போட்டுக் குடுத்துட்டான்மே."

எவன் சொன்னால் என்ன, டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று உள்ளூர எனக்குச் சந்தோஷம்.

அன்றிலிருந்து மனுஷர் அடியோடு மாறிப்போனார். மாட்டைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடாத குறைதான். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த தன் அண்ணன் வீட்டுக்கு வலியப் போய், "என் மேலதான் தப்பு" என்றார். அண்ணன் அழுதேவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆடு அடித்து விருந்து வைத்தார். தம்பிக்குப் பிடிக்குமே என்று கொழுப்புத் துண்டாகப் பார்த்துப் பார்த்து இலையில் வைத்தார். இவரும் பணிவாக, ஒன்று விடாமல் சாப்பிட்டார். கை கழுவப் போன இடத்தில் மறுபடியும் வலி.

இந்த முறை நானும் கூடப் போனேன். "நீங்க சொன்னமாரியே கொழுப்ப அடக்கிட்டாரு டாக்டர். யாரையும் ஒரு வார்த்த பேசறதில்ல. அப்புறமும் ஏன் வலிக்குது?"

டாக்டர் இவர் தொந்தியைத் தட்டிக் காட்டினார். "நான் சொன்னது வனஸ்பதி, ஆட்டுக்கொழுப்பும்மா. செலவாகாம மிஞ்சறது இங்க தங்குது. ரத்தக்குழாய்லயும் படிஞ்சு அடைக்குது. அதையெல்லாம் கொறச்சுட்டு நல்லா நடக்கச் சொல்லுங்க. இன்னும் காலம் கடந்துடல."

அந்தக் கடைசி வார்த்தை போதும் எனக்கு. வனஸ்பதி டப்பாவைக் காலி செய்து, கழுவி, உப்பு கொட்டி வைத்தேன். கீரையும் கொள்ளுமாக அடுப்பு மாறியது. காலையில் மணிமங்கலம் போகிற சாலையில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடந்தார்கள். போகப் போக வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மூச்சு வாங்குவதும் குறைந்தது.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளினார். "இன்னாமே கொழம்பு இது? மாட்டுக்கு வெக்கிற கழனித்தண்ணிகூட இத்தவிட நல்லாருக்கும்!"

தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நெஞ்சைப் பிடிக்காமல், மூச்சு வாங்காமல், ஒரே தம்மில் கத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வாய்க்கொழுப்பு மட்டும் கரையவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி ஊற்றினேன்.